மந்து, காது

இடது காது போன அன்று காலை நூல் கடைக்காரர் போன் செய்தார். நான் எப்போதும் போனை இடது காதில்தான் வைப்பேன். வைத்தேன், ஒன்றும் வரவில்லை. ஹலோ என்றேன். இன்னொரு தரம் ஹலோ என்றேன். நகரியில் டவர் லட்சணம் இதுதான் என்று திட்டிவிட்டுக் கட் செய்தேன். அவர் மறுபடி அடித்தார், நான் மறுபடி கத்தினேன். மூன்றாவது தடவை என் மனைவி வந்து போனை வாங்கித் தன் காதில் வைத்தாள்.

"அவர் பேசிக்கினுதான் கீறாரு. உங்களுக்குத்தான் கேக்கல போல," என்றாள்.

அவளிடம் எதுவும் சொல்லாமல் பின்பக்கம் போய், இரண்டு விரல்களை இடது காதருகே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வலது காதருகே தேய்த்தேன், சரசரவென்று கேட்டது. இடதில் விரல் நகர்வது தோலுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். குளித்த தண்ணீர் புகுந்திருக்கும் என்று ஒற்றைக் காலில் குதித்தேன். தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டேன். நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. தோளில் பல்லி விழுந்தால் காலண்டரைப் புரட்டிப் பலன் பார்க்கிறவன். அன்றைக்குப் பயந்ததற்கு மட்டும் எனக்கு நியாயமான காரணம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஆறு பவர்லூம் தறி ஓட்டுகிறேன். இந்தத் தொழிலில் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்யும். ஆறும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தாலும், எதில் நூல் அறுந்தது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அந்தத் தறியின் சத்தம் லேசாக நொண்டும். அன்று மதியம் ஷெட்டுக்குள் போய் நின்றபோது ஆறு தறியும் வலது பக்கச் சுவரோரம் இருப்பதுபோல் கேட்டது. இடது பக்கம் மூன்று தறி ஓடுவதைப் பார்க்கிறேன், அவற்றின் சத்தமும் வலது பக்கத்திலிருந்தே வருகிறது. மூன்றாம் தறியில் நூல் அறுந்து ஒரு முழத்துக்குமேல் துணி கெட்டபிறகுதான் கவனித்தேன். அப்போதுதான் மனைவியைக் கூப்பிட்டு, காது போய்விட்டது என்று சொன்னேன்.

மறுநாள் இருவரும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். காது மருத்துவர் ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். தெலுங்கில் கேட்டார், நான் தெலுங்கில் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் அழுத்தச் சொல்லி ஒரு பட்டனைக் கையில் கொடுத்தார்கள். பிறகு ஒரு தாளைக் காட்டினார் டாக்டர். வலது காதின் கோடு மேலே ஓடி, கடைசியில் கொஞ்சம் சரிந்தது. அந்தச் சரிவு தறி கொடுத்தது, பல வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். இடது காதின் கோடு தாளின் அடியில் படுத்துக்கிடந்தது. நரம்பு திடீரென்று இப்படிச் செயலிழப்பது உண்டு, ஏன் என்று பல நேரம் தெரியாது, மாத்திரை தருகிறேன், செவிப்பறை வழியாக ஊசியும் போடுவோம், இரண்டு வாரம் பார்ப்போம், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று சொன்னார். நிதானமாகத்தான் சொன்னார்.

எனக்கு இடது காதைப் பற்றிய கவலை அந்த நிமிடமே பின்னால் போய்விட்டது. வலது காதுக்கும் இப்படி ஆகுமா என்று கேட்டேன். சாதாரணமாக ஆகாது என்றார். கேரண்டியா என்றேன்.

"கேரண்டீ நேனு இவ்வலேனண்டி," என்றார். கேரண்டி என்னால் கொடுக்க முடியாது.

அவர் மேல் தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் அடுத்த இரண்டு வாரமும் நான் குடித்தனம் நடத்தினேன்.

செவிப்பறையில் ஊசி போடுவது சொல்வதற்குத்தான் பயங்கரம், உண்மையில் பாதி பயங்கரம். போட்டபிறகு அரைமணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும், எச்சில் விழுங்கக் கூடாது. வலது காது தலையணையில் அழுந்தியிருந்தது. அதாவது அந்த அரைமணி நேரமும் நான் முழுச் செவிடு. மனைவி எதிரே நின்று ஏதோ சொல்கிறாள், வாய் அசைகிறது. இனி இப்படித்தானா என்று நினைத்தேன். அழுகை வந்தது. எச்சில் விழுங்கக் கூடாதே என்று அதையும் அடக்க வேண்டியிருந்தது.

அங்கே படுத்திருந்தபோது, இனி என்னவெல்லாம் கேட்காது என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். சினிமாப் பாட்டுகள் பரவாயில்லை, நூற்றுக்கணக்கில் மனப்பாடம், மண்டைக்குள்ளேயே ஓட்டிக்கொள்ளலாம். காலையில் மலைக்கோயில் பாட்டு, அதுவும் அப்படித்தான். மனைவியின் குரலும் மறக்காது, இருபத்தாறு வருஷத் திட்டு சேர்ந்து கிடக்கிறது. இதுவரை கேட்காததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. கேட்காத பாட்டை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? அந்த நேரத்தில்தான் என் நண்பனுடைய சாக்ஸபோன்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

இந்த நண்பன் புத்தூர் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது திருப்பதியில் ஒரு கல்லூரியில் காமர்ஸ் பாடம் எடுக்கிறான். கல்யாணம், குழந்தை, சொந்த வீடு என்று எல்லாவற்றிலும் எங்களைப் போலவேதான் இருக்கிறான், ஒன்றில் மட்டும் வேற்றுகிரகவாசி. அமெரிக்கக் கறுப்பர்களின் ஜாஸ் இசை என்றால் உயிர். அதிலும் எப்போதோ செத்துப்போன ஒரு பெரிய சாக்ஸபோன் கலைஞர் என்றால் இவன் சோறு தண்ணீரை மறந்துவிடுவான். இருபது வருஷமாக என்னைக் கேள் கேள் என்று அரிக்கிறான். எங்கள் பக்கம் சாக்ஸபோன் என்றால் நாராயணவனம் கோயில் வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஊதுவது. பந்திக்கு இடம் பிடிக்க வேண்டும் என்பதற்கு அறிகுறி, அவ்வளவுதான். உன் ஆளு ஊதி முடிச்சாரா, எப்ப பந்தி போடுவாங்க என்று ஒவ்வொரு தடவையும் நக்கல் செய்து தப்பித்துவிடுவேன்.

கல்லூரி முடிந்து அன்று சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். உன் ஆளை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது, நேரம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, அதை வைத்துக்கொண்டு சொல் என்றேன். அவனுக்கு முகம் மாறியது. இருபது வருஷம் காத்திருந்த கேள்வி இப்படியா வந்து சேர வேண்டும் என்று நினைத்திருப்பான்.

அவர் எந்த வருஷத்தில் எதைப் பதிவு செய்தார் என்ற வரிசையில் கேட்கக் கூடாது என்று ஆரம்பித்தான். ஆரம்ப காலத்தில் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவை நல்லவைதான், ஆனால் அவர் யார் என்று அதில் தெரியாது. நடுவில் சில வருஷம் மெதுவான பாட்டுகளாக வாசித்தார், கதவு அங்கேதான் இருக்கிறது. பிறகு நான்கு பேர் கூட்டணி, அதில் டிரம்ஸ்காரரைப் பிடித்துக்கொண்டு போ. இப்படி அவன் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தத்தில் எனக்குப் பாதி விளங்கவில்லை. எழுதிக் கொடுடா என்றேன். ரிப்போர்ட் வைத்திருந்த கவரைக் கிழித்து அதன் பின்புறம் எழுதினான். மொத்தம் ஐந்து ஆல்பம். பெயர்கள் ஆங்கிலத்தில், பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு தெலுங்கு எழுத்தில்.

இதை விளக்க வேண்டும். எங்கள் ஊர்கள் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம்; எங்கள் இருவருக்கும் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தை நான் பிறகு திருத்தணி போய்வந்து கடைப் பலகைகளிலும் பத்திரிகைகளிலும் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அவன் இன்றுவரை கற்கவில்லை. வகுப்பில் சீட்டு எழுதிக்கொள்ளும்போது பாதி தெலுங்கு, பாதி தமிழ், எல்லாம் தெலுங்கு எழுத்திலேயே எழுதுவோம். வாத்தியார் பிடுங்கிப் படித்தாலும் பாதிதான் புரியும். அந்தப் பழக்கம் எங்களுக்கு இன்னும் போகவில்லை.

முதல் ஆல்பத்துக்கு 'நெம்மதி' என்று எழுதியிருந்தான், நிதானம். இரண்டாவதுக்கு டிரம்ஸ் கேள். மூன்றாவதுக்குச் சின்ன வயசு. நான்காவதுக்கு நீளம். ஐந்தாவதுக்கு எதிரே, கோடு போட்டு, 'மந்து காது' என்று இருந்தது. அவன் கையெழுத்து எப்போதுமே கோழி கிளறிய மாதிரி இருக்கும், ஆனாலும் அது எனக்கு வீட்டுக்கு வந்து முதல் பார்வையிலேயே விளங்கிவிட்டது. மந்து என்றால் தெலுங்கில் மருந்து. காது என்றால் காது. ஐந்தாவது ஆல்பம் காதுக்கு மருந்து.

சிரிக்கலாம். ஆனால் அந்த வாரம் எங்கள் வீட்டில் பூண்டு எண்ணெய் காய்ச்சியாயிற்று, திருமலைக்கு முடி காணிக்கை நேர்ந்தாயிற்று, யாரோ சொன்னார்கள் என்று கார்வேட்டிநகரத்தில் ஒருவரிடம் போய் மந்திரித்த கயிறும் கட்டியாயிற்று. படித்த மனிதன், காமர்ஸ் லெக்சரர், ஒரு இசைக்குக் காது நரம்பைத் தூண்டும் குணம் உண்டு என்று எங்கோ படித்து எழுதியிருக்கிறான் என்று நம்புவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. முதல் நான்கையும் விட்டுவிட்டு நேராக ஐந்தாவதுக்குப் போனேன்.

போனில் தேடி எடுத்து, இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டிரம்ஸ் கேட்டது. இரண்டு பேர் ஒன்றாக அடிக்கிறார்கள். பியானோ கட்டைகளை யாரோ அள்ளிக் கொட்டுகிறார்கள். சாக்ஸபோன் மட்டும் இல்லவே இல்லை. இப்போது ஊதுவார், இப்போது ஊதுவார் என்று எட்டு நிமிடம் காத்திருந்தேன். பிறகு ஏதோ தோன்றி, இடது காதுக்கானதைக் கழற்றி வலது காதில் சொருகினேன்.

அவர் அத்தனை நேரமும் அங்கே கத்திக்கொண்டிருந்திருக்கிறார். பழைய பதிவுகளில் இப்படி சாக்ஸபோனை ஒரு பக்கமும் மேளத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் செத்த காதுக்குள் ஒரு மனிதர் எட்டு நிமிடமாக அலறியிருக்கிறார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் முதல் அடி. இரண்டாவது, அந்த அலறல். கூட மேளம் இல்லாமல் அது மட்டும் தனியாக என் ஒரே நல்ல காதுக்குள் நுழைந்தது. பாட்டு என்று சொல்ல எதுவும் இல்லை. உயரத்தில் போய்க் கிழிகிறது, தரையில் விழுந்து உறுமுகிறது, மறுபடி ஏறிக் கிழிகிறது. இயர்போனைப் பிடுங்கிப் போட்டேன்.

ஆனால் மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும். காலை மாத்திரையோடு ஒரு வேளை, சாயங்கால மாத்திரையோடு ஒரு வேளை என்று வைத்துக்கொண்டேன். காலையில் மேளப் பக்கம், சாயங்காலம் சாக்ஸபோன் பக்கம். இரண்டுக்கும் சாப்பிட்டபிறகுதான். வெறும் வயிற்றில் அதைக் கேட்க முடியாது. மனைவி ஒரு நாள் வாங்கிக் கேட்டுவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தாள்.

"யாரையோ கழுத்தப் புடிச்சிக்கினு கீறாப்பல கீது. இதக் கேட்டா நல்லா கீற காதும் ஓடிப்பூடும்," என்றாள்.

மேளப் பக்கம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. ஆறு தறி ஒன்றோடொன்று சேராமல் ஓடும்போது, எங்கோ ஒரு இடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரு அடி விழும், மறுபடி பிரியும். அந்த இரண்டு டிரம்ஸ்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். தறிக்காரன் ஒருவன் ஜாஸ் கேட்க ஆரம்பித்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தைரியமாகச் சொல்வேன். சாக்ஸபோன் பக்கம் அப்படியில்லை. மூன்றாம் நாள்தான் அதில் ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு அலறலுக்கும் நடுவில் அவர் மூச்சு இழுப்பது கேட்டது. அவசர அவசரமாக இழுக்கிறார், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் மாதிரி. கோபத்தில் கத்துகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கோபக்காரன் அப்படி மூச்சு வாங்க மாட்டான். அந்த மனிதர் பயந்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது பயம்தான். அந்த வாரம் முழுவதும் நான் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அவர் கத்துவது எனக்குக் கொஞ்சம் துணையாகக்கூட இருந்தது.

எட்டாம் நாள் காலை வலது காதில் விசில் கேட்டது.

குக்கர் என்று நினைத்துச் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. காதைப் பொத்தினேன், விசில் கூடியது. இடது காது போவதற்கு முந்தைய நாளும் இப்படி ஏதோ ரீங்காரம் கேட்டதாக அப்போது ஞாபகம் வந்தது. உண்மையிலேயே கேட்டதா, பயத்தில் நானே சேர்த்துக்கொண்டேனா என்று இன்றைக்கும் தெரியாது. மனைவியைப் பின்னால் நின்று பேசச் சொன்னேன். என்ன பேச என்றாள். எதையாவது பேசு என்றேன். கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று காய்கறிப் பெயராகச் சொல்ல ஆரம்பித்தவள், பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டாள். நிறுத்தியதும், எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று நான் திரும்பிப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவளைத் தறிக்குக் காவல் வைத்துவிட்டுத் தனியாகவே திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாகச் சரிபார்த்துக்கொண்டே போனேன். கண்டக்டர் குரல் இருக்கிறது. ஹாரன் இருக்கிறது. பின் சீட்டில் யாரோ போனில் பேசுவது இருக்கிறது. புத்தூர் நிறுத்தத்தில் டிரைவர் இஞ்சினை அணைத்தார். திடீரென்று எல்லாம் நின்றது. சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு ஜன்னலுக்குக் கீழே வேர்க்கடலைக்காரர் கூவியது கேட்டது. தேவையே இல்லாமல் இரண்டு பொட்டலம் வாங்கினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் நண்பனின் கல்லூரிக்குப் போனேன். மருந்தின் அளவு கூடிவிட்டதா என்று அவனிடம்தானே கேட்க வேண்டும். வகுப்பிலிருந்து வெளியே வந்தான். ஐந்தாவது ஆல்பத்தைத் தினம் இரண்டு வேளை கேட்கிறேன், எட்டு நாளாயிற்று, இப்போது வலது காது கத்துகிறது, நிறுத்தட்டுமா, ஒரு வேளையாகக் குறைக்கட்டுமா என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கவர் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். மந்து, காது என்று விரல் வைத்துப் படித்தேன்.

அவன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"டேய், அது மந்து இல்லடா, முந்து," என்றான். "அது காது இல்ல, காது."

முந்து என்றால் தெலுங்கில் முதலில். காது என்றால் தெலுங்கில் 'அல்ல', 'அப்படியில்லை'. முந்து காது: முதலில் இதைக் கேட்காதே. ம-வுக்கும் மு-வுக்கும் தெலுங்கில் ஒரு சின்ன வால்தான் வித்தியாசம். அந்த வாலுக்குக் கொம்மு என்று பெயர், ஊதுகிற கொம்புக்கும் அதே பெயர்தான். கோழிக் கிளறலில் அது எனக்குத் தெரியவில்லை. சரி, நீ படித்த மாதிரியே வைத்துக்கொண்டாலும், மந்து காது என்றால் மருந்து அல்ல என்றுதானேடா அர்த்தம், பன்னிரண்டு வருஷம் தெலுங்கில் படித்தவன்தானே நீ என்று கேட்டான். அவன் கேட்பது சரிதான். ஆனால் அந்த எட்டு நாளும் என் தலைக்குள் காது என்ற சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு தரம் சிரித்தபிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அது அவர் சாவதற்குச் சில மாதம் முன்னால் வாசித்தது, நோய் முற்றியிருந்தது, அவரை நேசிப்பவர்களே அதைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள், அதில் ஆரம்பித்தவன் எவனும் திரும்பி வந்ததில்லை என்பதற்காகத்தான் கோடு போட்டு எழுதினேன் என்றான்.

"நானே அத வருஷத்துக்கு ஒரு வாட்டிதாண்டா கேக்கறேன். நீ எட்டு நாளா வேளைக்கு வேளை கேட்டுக்கினு கீற," என்றான். அவன் குரலில் பயம் இருந்தது. மற்ற வகுப்புகளை விட்டுவிட்டு என்னை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

மறுபடி அந்தக் கண்ணாடி அறை. ஹெட்போன், பட்டன். பரிசோதிக்கும் பெண் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும். முதலில் இடது காது. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எங்கோ தூரத்தில், மெல்லியதாக, ஏதோ கிழிகிற சத்தம். உடனே அழுத்தினேன். மறுபடி கேட்டது, மறுபடி அழுத்தினேன். அந்த நிமிடத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான்காவது முறை அழுத்தியபோது கதவு திறந்தது.

"அங்கிள், நேனு இங்கா சவுண்டே இவ்வலேது," என்றாள். நான் இன்னும் சத்தமே கொடுக்கவில்லை.

அதட்டலாகச் சொல்லவில்லை. என் தோளில் கை வைத்துத்தான் சொன்னாள். அவளுக்கு இது பழக்கமாக இருக்கலாம். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனபிறகு பட்டனில் இருந்த என் கட்டைவிரலைத் தூக்கிவிட்டேன். அதன்பிறகு இடது காதுக்கு ஒருதரம்கூட அழுத்தவில்லை. வலது காதுக்கு மாறியபோது, ஒவ்வொரு சின்னப் பீப்புக்கும் பட்டனை அழுத்தினேன்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வலது காது பழைய இடத்திலேயே இருக்கிறது, அந்த விசில் பயந்த மூளை சத்தமான இயர்போனோடு சேர்ந்து செய்த வேலை, குறையும் என்றார். ஷெட்டுக்குள் போனால் காதுமூடி கட்டாயம். இடது காதைப் பற்றி, மாத்திரையை முடித்துவிட்டு வாருங்கள், ஆனால் எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். கேரண்டி பற்றி நான் இந்த முறை கேட்கவில்லை. பதில் தெரிந்ததுதானே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. மதியம் சாப்பிட்டபிறகு, முறைப்படி ஆரம்பிப்போம் என்று, இயர்போன் இல்லாமல் போனை மேசைமேல் வைத்து முதல் ஆல்பத்தைப் போட்டேன். மனைவி என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். இப்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள்.

அதே மனிதர்தான். ஆனால் அவசரமில்லாத மூச்சு. ஒரு சுரத்தைத் தொட்டு, அது தானாக அடங்கும்வரை இருந்து, அப்புறம் அடுத்ததற்குப் போகிறார். மேளக்காரர் குச்சியை விட்டுவிட்டுத் தென்னம் விளக்குமாறு மாதிரி எதனாலோ தோலைத் தடவுகிறார். கீழே, மிகக் கீழே, சாக்ஸபோன் ஒருவரிடம் தனியாகப் பேசுவதுபோல் இருந்தது. நண்பன் சொன்னது சரி, கதவு அங்கேதான் இருந்தது. புதிதாகக் கேட்கிறவர்கள் யார் என்னைக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தக் கத்தலை எட்டு நாள் கேட்டேனே, அப்போது இப்படி இல்லை. அது போனால் போகட்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன். இது போனால் என்னால் தாங்க முடியாது. இருபது வருஷம் பக்கத்திலேயே இருந்ததை நக்கல் செய்து தள்ளிவிட்டு, ஒரு காதை வைத்துக்கொண்டு, அதற்கும் கேரண்டி இல்லாத நேரத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கிறேன். கை நீட்டி நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று மனைவி கேட்டாள். மீதி இருக்கட்டும், அப்புறம் கேட்கிறேன் என்றேன். அப்புறம் என்றால் எப்போது என்றாள். முழுசாகக் கேட்டுப் பழகிவிட்டு, அப்புறம் இந்தக் காதும் போனால் என்ன செய்வது, தெரியாமலே இருந்துவிட்டால் தேவலை இல்லையா என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

 அவள் மேசையிலிருந்து போனை எடுத்தாள்.

"காது கீறப்பவே கேளுங்க," என்றாள்.

நிறுத்திய இடத்திலிருந்து போட்டு, போனை என் வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். கை வலித்திருக்கும், ஒருதரம் மாற்றிக்கொண்டாள், கீழே வைக்கவில்லை. எனக்குப் பயம் போகவில்லை. பயந்துகொண்டே கடைசிப் பாட்டுவரை கேட்டேன்.